பல்பொறித் தரவுத்தளமும் நினைவக நெருக்கடியும்

மாதவரத்தின் ஊடே வடக்கு நோக்கிச் செல்லும் ஜி. என். டி. ரோடு என்னும் பெருஞ்சாலையில் ஒரு நாழிகைப் பொழுது நிற்பவர்க்கு அவ்வூரின் தொழில் இன்னதென்பது விளங்கும். துறைமுகத்தினின்று கன்டெய்னர் சுமந்து வரும் லாரிகள் இடையறாது வந்தவண்ணம் இருக்கும். அவை சென்று சேரும் குடோன்களும் அப்பகுதியில் நிரம்ப உள. குடோன் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, வாயிலை அடுத்த முன்றில்; மற்றொன்று, பின்னே பரந்து கிடக்கும் உட்கிடங்கு. முன்றில் சிறிது, ஆயினும் அங்கே வைத்த பொருளைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடலாம். உட்கிடங்கு பெரிது, ஆனால் அதனுள்ளிருந்து ஒரு பெட்டியைத் தேடிக் கொணர்தற்கு ஆளும் பொழுதும் வேண்டும்.

அப்பக்கத்திலிருந்து எம் கலாசாலைக்கு வரும் மாணாக்கர் ஒருவர் ஒரு நாள் வகுப்பில் எம்மை இவ்வாறு வினவினார்: "ஐயா, எங்கள் தெருவில் ஒரு குடோன் நிறைந்துவிட்டால் பக்கத்தில் இன்னொன்றை வாடகைக்கு எடுக்கிறார்கள். கணிப்பொறியில் நினைவகம் நிறைந்துவிட்டாலும் இன்னொரு பொறியைச் சேர்த்தால் தீர்ந்தது அல்லவா? இதை ஒரு பாடமாகப் படிக்க வேண்டியது என்ன இருக்கிறது?"

வினா நன்று. அதற்கு அன்று யாம் அளித்த விடை குறைவுடையது. அக்குறையை நிரப்பும் பொருட்டே இக்கட்டுரை எழுதலாயிற்று. எம் கலாசாலையில் கற்று வெளியேறிய பலர் இன்று இத்தகைய பொறிகளைக் காக்கும் உத்தியோகத்தில் அமர்ந்து, நள்ளிரவில் அபாய மணி கேட்டு விழித்தெழுகின்றனர். அவர்க்கும், அவ்வழியே இனிச் செல்ல இருப்பார்க்கும் இது ஒருவாறு பயன்படும் என்று நம்புகின்றோம்.

உறுப்புக்கள்

முதற்கண், பேசப்படும் பொருளின் உறுப்புக்களை அறிந்துகொள்வோம். பெருந்தொகையான குறிப்புக்களை ஒழுங்குபட வைத்து, கேட்டபோது எடுத்துத் தரும் அமைப்பே தரவுத்தளம். தொழிற்றுறையினர் இதனை டேட்டாபேஸ் என்பர். அது தன் பொருளை நிலையாக வைக்குமிடம் வட்டு. வேலை நடக்கும்போது எடுத்துக் கையாளுமிடம் நினைவகம், அதாவது மெமரி. வட்டினை உட்கிடங்காகவும் நினைவகத்தினை முன்றிலாகவும் கொண்டால் பொருள் எளிதின் விளங்கும்.

இவ்விரண்டிற்கும் விரைவில் உள்ள வேற்றுமை மலைக்கத் தக்கது. நினைவகத்தில் ஒரு குறிப்பைத் தொடுதற்கு ஏறத்தாழ ஒரு விநாடியில் 1 கோடியில் ஒரு பங்கு காலம் போதும். சுழலும் வட்டில் ஓரிடத்தைத் தேடி எடுப்பதற்கோ ஒரு விநாடியில் 100-ல் ஒரு பங்கு செல்லும். எனவே பின்னது முன்னதினும் 1,00,000 மடங்கு மெதுவானது. முன்றிலில் ஒரு விநாடியில் எடுத்த பெட்டியை உட்கிடங்கிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகுமாயின் அவ்வணிகம் என்னாகும் என்று எண்ணிப் பார்க்க. இக்காலத்துத் திண்ம வட்டுக்கள் இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்தன. எனினும் அதனை முற்றும் ஒழித்தில.

ஒரு பொறியால் தாங்கலாகாத அளவு தரவு பெருகியபோது, அதனைப் பல பொறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அவையனைத்தையும் ஒன்றே போல் இயங்கச் செய்வர். இக்கூட்டத்திற்குக் கிளஸ்டர் என்றும், ஒவ்வொரு பொறியும் ஏற்கும் கூற்றிற்கு ஷார்டு என்றும் பெயர். யாம் இவற்றை முறையே பொறிக்கூட்டம் என்றும் பங்கு என்றும் வழங்குவோம்.

ஒரு வரலாறு

இனி, அம்மாணாக்கர் கூறிய மருந்தினையே கையாண்டு, அது பலிக்காமற்போன ஒரு மெய்யான நிகழ்ச்சியைக் கூறுவோம்.

நியூயார்க் நகரில் 2009-ஆம் ஆண்டில் டென்னிஸ் குரோலி என்பவரும், தமிழ்ப் பெயர் தாங்கிய நவீன் செல்வதுரை என்பவரும் சேர்ந்து ஃபோர்ஸ்கொயர் என்னும் சேவையைத் தொடங்கினர். ஒருவர் தாம் சென்ற கடை, உணவு விடுதி, பூங்கா முதலியவற்றைக் கைப்பேசி வாயிலாக நண்பர்க்கு அறிவிப்பது அச்சேவையின் தன்மை. அவ்வறிவிப்பு ஒவ்வொன்றும் மாங்கோ டிபி என்னும் தரவுத்தளத்தில் ஒரு சிறு குறிப்பாகப் பதியும். தொடக்கத்தில் 66 ஜிகாபைட் நினைவகம் உடைய ஒரே பொறி இவ்வனைத்தையும் தாங்கிற்று. 2010-ஆம் ஆண்டில் தரவு பெருகவே, அதே அளவினதாகிய மற்றொரு பொறியைச் சேர்த்து, பயன்படுத்துவோரின் அடையாள எண்ணைக் கொண்டு தரவினை இரண்டாகப் பங்கிட்டனர். பங்கு ஒன்றிற்கு ஏறத்தாழ 33 ஜிகாபைட் ஆயிற்று. பாதி இடம் காலியாக இருந்தமையின், இரண்டு திங்கள் குறைவின்றி நடந்தது.

ஆனால் மனிதர் எல்லோரும் ஒரு தன்மையர் அல்லர். சிலர் நாளொன்றுக்குப் பத்து இடங்களை அறிவிப்பர். சிலர் மாதத்திற்கு ஒன்றும் அறிவியார். ஊக்கமுடையோர் ஒரு பங்கிலே மிகுதியாக அமைந்துவிட்டமையின், முதற்பங்கு 67 ஜிகாபைட்டாக வளர்ந்தது. இரண்டாவது பங்கோ 50 ஜிகாபைட்டில் நின்றது. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, திங்கட்கிழமை காலையில், முதற்பொறி தன் 66 ஜிகாபைட் எல்லையைக் கடந்தது.

கடந்த அளவு ஒரே ஜிகாபைட். அதனால் பெருந்தீங்கு விளையாது என்றே நமக்குத் தோன்றும். விளைந்ததோ வேறு. முன்றிலில் இடமில்லாத பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைப்பதும், உள்ளே வைத்ததை மறுகணமே யாரோ கேட்க மீண்டும் வெளியே கொணர்வதுமாக, வட்டின் வேலை ஓயாது பெருகிற்று. ஒரு விண்ணப்பம் தாமதமாக, அதன் பின் நூறு விண்ணப்பங்கள் காத்து நின்றன. முடிவில் சேவை முழுவதும் நின்றுபோயிற்று. முதற்பொறி மட்டுமே நோயுற்றது. இரண்டாவது பொறி நலமாகவே இருந்தது. எனினும் அதன் நலத்தால் யாதொரு பயனும் விளையவில்லை.

இங்கே ஒரு கணக்கினை நோக்குக. இரு பொறிகளின் நினைவகத்தையும் கூட்டினால் 132 ஜிகாபைட். இரு பங்குகளின் தரவையும் கூட்டினால் 117. ஆகவே மொத்தக் கணக்கில் 15 ஜிகாபைட் இடம் மிகுதியாக இருந்தது. சராசரி எடுப்பின் பொறியொன்றுக்கு 58½ ஜிகாபைட்டே. 66-க்கு அது மிகக் குறைவு. மொத்தமும் சராசரியும் நலமென்று சான்று கூற, வீடு எரிந்துகொண்டிருந்தது. பல்பொறி அமைப்பைக் காப்போர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவே. கூட்டத்தின் வலிமை சராசரியில் இல்லை. மிகுந்த சுமை தாங்கும் ஒரு பொறியின் வலிமையே கூட்டத்தின் வலிமை.

சேர்த்தும் தீராமை

நிற்க. அந்நிலையில் காப்பாளர் செய்தது யாது? நம் மாணாக்கர் கூறியதனையே செய்தனர். மூன்றாவது பொறியொன்றைச் சேர்த்து, நூற்றுக்கு 5 பங்கு அளவான தரவினை அதற்கு மாற்றினர். 67-ல் நூற்றுக்கு 5 போனால் 64-க்கும் சற்றுக் குறைவாகும். அது 66-க்குள் அடங்கும். கணக்கு சரியே. எனினும் முதற்பொறியின் நெருக்கடி சிறிதும் தணியவில்லை. தரவு வெளியேறிற்று, இடம் வெளியாகவில்லை.

இவ்விந்தைக்குக் காரணம் என்ன என்பதை மீண்டும் குடோனிற் சென்று காண்போம். நினைவகம் பக்கம் எனப்படும் சம அளவான தட்டுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தட்டு ஒன்றின் அளவு 4 கிலோபைட், அதாவது 4,096 பைட். ஃபோர்ஸ்கொயரின் குறிப்பு ஒன்றின் அளவு ஏறத்தாழ 300 பைட். ஆகவே ஒரு தட்டில் 13 பெட்டிகள் அடங்கும். அப்பெட்டிகள் வந்த வரிசையில் வைக்கப்பட்டவை. உடையவர் பெயர் வரிசையில் வைக்கப்பட்டவை அல்ல. இப்பொழுது, இன்னின்ன உடையவரின் பெட்டிகளை மட்டும் எடுத்து மூன்றாவது குடோனுக்கு அனுப்புக என்று கட்டளை பிறக்கின்றது. ஆட்கள் சென்று இருபது பெட்டிக்கு ஒன்றாக ஆங்காங்கே உருவி எடுக்கின்றனர். சில தட்டில் ஒரு பெட்டி குறையும்; சில தட்டில் ஒன்றும் குறையாது. எந்தத் தட்டும் முழுவதும் காலியாவதில்லை. தட்டு காலியானாலன்றி அதனை வேறு பொருளுக்குக் கொடுத்தல் இயலாது. ஆதலின் முன்றில் முன்போலவே நிறைந்து நின்றது.

பெட்டிகள் 4 கிலோபைட்டினும் பெரியனவாக இருந்திருப்பின், அல்லது உடையவர் வரிசையிலேயே முதலில் அடுக்கப்பட்டிருப்பின், தட்டுக்கள் முழு முழுவாகக் காலியாகியிருக்கும். இவ்விரண்டும் அங்கே இல்லை.

எஞ்சிய வழி ஒன்றே. குடோனை மூடி, எல்லாப் பெட்டிகளையும் நெருக்கமாக மறுபடி அடுக்குதல். தொழிற்றுறையினர் இதனைக் கம்பாக்ஷன் என்பர். முதற்பொறியின் தரவினை இவ்வாறு மறுபடி அடுக்குதற்கு ஏறத்தாழ 4 மணி நேரம் சென்றது. அப்பொறியின் வட்டு மெதுவாக இயங்கியதே அத்தாமதத்திற்குக் காரணம். அடுக்கி முடிந்தபின் தரவு நூற்றுக்கு 5 குறைந்து நினைவகத்துள் அடங்கிற்று. சேவை அன்று ஏறத்தாழ 11 மணி நேரம் நின்றிருந்தது. அத்தரவுத்தளத்தை ஆக்கிய நிறுவனத்தின் தலைவருள் ஒருவராகிய எலியட் ஹோரோவிட்ஸ் சில நாட்களுள் இவை யாவற்றையும் மறையாது எழுதி வெளியிட்டார். அந்நேர்மையால் நமக்கு இப்பாடம் கிடைத்தது.

இதனின்று பெறப்படும் இரண்டாவது பாடம் முதலாவதினும் அரியது. நெருக்கடியைத் தீர்க்கும் மருந்தும் இடத்தை உண்ணும் தன்மையது. தரவினை மாற்றவும் நினைவகம் வேண்டும். வட்டின் ஓய்வும் வேண்டும். அடுக்கி முடிக்கும்வரை காலமும் வேண்டும். முற்றும் நிறைந்த பின் இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. இரு திங்களுக்கு முன்னரோ ஒவ்வொரு பொறியிலும் பாதியிடம் காலி. பங்கு 50-ஐத் தொட்ட நாளில் மூன்றாவது பொறியைச் சேர்த்திருப்பின், இம்மாற்றம் ஆரவாரமின்றி நடந்தேறியிருக்கும். மாணாக்கர் கூறிய மருந்து தவறன்று. அதனைக் கொடுக்கும் காலமே தவறிற்று.

பிற நோய்கள்

மேற்கூறியது நிறைவினால் வந்த நோய். நினைவகத்திற்கு வேறு நோய்களும் உள.

ஒன்று கசிவு. ஒரு செயல்நிரல் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடாது, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உண்டுகொண்டே போதல் கசிவாம். 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி அமெரிக்காவின் வட வர்ஜீனியாவிலுள்ள அமேசான் நிறுவனத்தின் சேமிப்புப் பொறிக்கூட்டத்தில் இது நேர்ந்தது. புள்ளிவிவரம் திரட்டும் பொறியொன்று பழுதுபட, அதற்கு மாற்றாக வேறொன்றை வைத்தனர். ஆனால் புதிய முகவரி எல்லா இடத்திற்கும் சென்று சேரவில்லை. முகவரி பெறாத சேமிப்புப் பொறிகள் பழைய இடத்தையே மீண்டும் மீண்டும் தேடின. அத்தேடலை நடத்திய சிறு நிரலில் மறைந்து கிடந்த ஒரு கசிவு, முயற்சிதோறும் சிறிது நினைவகத்தை விழுங்கிற்று. அப்பொறிகளின் நினைவகப் பயன் இயல்பாகவே ஏறியும் இறங்கியும் வருவதாதலின், இக்கசிவு எவர் கண்ணிலும் படவில்லை. பல பொறிகள் ஒரே காலத்தில் மூச்சுமுட்டி நின்றபோது, அவற்றின் சுமையை மாற்றிக் கொடுப்பதற்கு நலமுள்ள பொறிகள் போதிய அளவு கிடைக்கவில்லை. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று தாங்கும் என்பது கூட்டத்தின் பெருமை. எல்லாம் ஒருங்கே தளர்ந்தபோது அப்பெருமை உதவாது.

மற்றொன்று ஒரே வினாவின் பெரும்பசி. ஆயிரம் பேர் ஆயிரம் சிறு வினாக்களைக் கேட்பதைத் தாங்கும் தரவுத்தளம், ஒருவர் எல்லாக் குறிப்புக்களையும் ஒருங்கே வரிசைப்படுத்தித் தருக என்று கேட்கும்போது சாய்ந்துவிடும். மாங்கோ டிபியில் இத்தகைய தொகுப்பு வேலையின் ஒவ்வொரு படிக்கும் 100 மெகாபைட் எல்லை வகுத்திருப்பது இக்காரணத்தாலேயே.

வேறொன்று, நீக்கியது நீங்காமை. 2008-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தார் பொதுவுடைமையாக வெளியிட்ட கஸாண்ட்ரா என்னும் தரவுத்தளத்தில், ஒரு குறிப்பை அழித்தால் அது உடனே மறையாது. அழிந்தது என்று அறிவிக்கும் நடுகல் போன்ற ஓர் அடையாளம் அவ்விடத்தில் நாட்டப்படும். மாற்றியமைத்தாலன்றி அது 10 நாள்வரை நிற்கும். அழிப்பு மிகுந்த இடத்தில் ஒரு வினா எழுப்பினால், உயிருள்ள நாலு குறிப்புக்களைக் காணும் பொருட்டு நடுகற்கள் பல்லாயிரத்தை நினைவகத்தில் ஏற்ற நேரிடும். அவை 1,00,000-ஐக் கடந்தால் வினாவையே நிறுத்திவிடுமாறு விதித்துள்ளனர்.

நாடும் முறை

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஓதிய ஒழுங்கு ஒன்று உண்டு. நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து, பின்னரே செய்க என்பது அதன் கருத்து. பொறிகளைக் காப்போர்க்கும் அவ்வொழுங்கே உரியது. நடைமுறையில் நடப்பதோ இதற்கு மாறு. மணி அடித்ததும் பொறியை நிறுத்தி மறுபடி தொடங்குவர். நினைவகம் காலியாகும், சான்றும் உடன் அழியும், நோய் சில நாளில் மீளும். ஆகவே மறுதொடக்கத்திற்கு முன் ஐந்து நிமிடமேனும் பின்வருவனவற்றை நோக்கிக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, நோய் மெய்யானதா? லினக்ஸ் இயக்கமுறை, வேறு வேலையில்லாத நினைவகத்தை வட்டின் படிகளை வைத்தற்குப் பயன்படுத்தும். வேண்டும்போது திருப்பித் தரும். ஆதலின் காலியிடம் சிறிதாகத் தோன்றுதல் நோயன்று. கிடைக்கத்தக்க இடம் எவ்வளவு என்று காட்டும் எண்ணையே நோக்குக.

இரண்டாவது, ஒரு பொறியா, எல்லாப் பொறியுமா? ஒன்று மட்டும் நிறைந்திருப்பின் பங்கீட்டின் கோணலை ஐயுறுக. எல்லாம் ஒருங்கே நிறைந்திருப்பின் வேலைப் பெருக்கத்தையோ, அண்மையிற் செய்த மாற்றத்தையோ ஐயுறுக.

மூன்றாவது, வரைபடத்தின் வடிவம் யாது? அரத்தின் பற்களைப் போல் ஏறி ஏறி இறங்குமாயின், அது குப்பை அகற்றும் நிரல் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். அப்பற்களின் அடிப்பகுதியே நாள்தோறும் உயர்ந்துகொண்டு வருமாயின் கசிவு என்க. திடீரென்று செங்குத்தாக எழுமாயின் பெரும்பசி வினா ஒன்று வந்துளது. அந்நேரத்து வினாப் பதிவேட்டைப் புரட்டுக.

நான்காவது, தரவுத்தளம் ஒரு சொல்லும் கூறாமல் மடிந்து கிடக்கின்றதா? அதன் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. நினைவகம் முற்றும் தீர்ந்தபோது லினக்ஸ் இயக்கமுறை பெரும்பாலும் மிகுதியாக உண்ணும் நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். கொன்றதனைத் தன் பதிவேட்டில் எழுதியும் வைக்கும். அங்கே காண்க.

ஐந்தாவது, ஒரு பொறிக்குள் பகுத்தளித்த கணக்குச் சரியா? இக்காலத்து மாங்கோ டிபி, வேறு கட்டளை இல்லையேல், மொத்த நினைவகத்தில் 1 ஜிகாபைட் நீக்கி எஞ்சியதில் பாதியைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். 16 ஜிகாபைட் பொறியில் அது 7½ ஆகும். ஒரே பொறியில் இரண்டு தரவுத்தளங்களை அமர்த்தினால் இரண்டும் அவ்வாறே கருதி 15 ஜிகாபைட் கேட்கும். இயக்கமுறைக்கும் இணைப்புக்களுக்கும் மிஞ்சுவது 1 ஜிகாபைட்டே.

வருமுன் காத்தல்

காரணம் அறிந்தபின் மருந்து பெரும்பாலும் தானே விளங்கும். கோணலாயின் பங்கீட்டைத் திருத்துக. கசிவாயின் நிரலைத் திருத்துக. பசியாயின் வினாவைத் திருத்துக. இவற்றினும் மேலானது வருமுன் காத்தல். எச்சரிக்கை மணியை மொத்தத்திற்கோ சராசரிக்கோ கட்டாது, ஒவ்வொரு பொறிக்கும் கட்டுக. ஒவ்வொரு நிரலுக்கும் கட்டுதல் இன்னும் நன்று. சிறு பணிபுரியும் நிரல்களுக்கு உச்ச எல்லை விதித்து, அவை பெரும்பணிக்கு உரிய இடத்தை உண்ணாவாறு தடுக்க. அமேசான் நிறுவனத்தார் மேற்கூறிய நிகழ்ச்சியின் பின் மேற்கொள்வதாக அறிவித்தனவற்றுள் இவ்விரண்டும் அடங்கும்.

எல்லாவற்றினும் முதன்மையாக, ஒரு பொறி வீழ்ந்தால் அதன் சுமையை மற்றவை தாங்குதற்கு இடம் உண்டா என்று முன்னரே கணக்கிடுக. சம சுமை தாங்கும் மூன்று பொறிகளுள் ஒன்று வீழ்ந்து, அதன் சுமையை ஏனை இரண்டும் ஏற்பதாயின், ஒவ்வொன்றின் சுமையும் ஒன்றரை மடங்காகும். 60 பங்கு நிறைந்திருந்த பொறி 90-ஐத் தாங்கி நிற்கும். 70 பங்கு நிறைந்திருந்த பொறியோ 105-ஐத் தாங்க வேண்டும், அதாவது வீழும். ஆகவே மூன்று பொறிக் கூட்டத்தில் 70 என்பது முப்பது பங்கு காலி என்று மகிழத்தக்க எண் அன்று. காப்பாளன் விழித்தெழ வேண்டிய எண்.

வினவிய மாணாக்கர்க்கு இப்பொழுது விடை கூறலாம். தம்பி, இன்னொரு குடோன் எடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் எந்தக் குடோன் நிறைகின்றது, எதனால் நிறைகின்றது, சரக்கு எவ்வரிசையில் அடுக்கப்பட்டுள்ளது என்பவற்றை முன்றிலில் நடக்க இடமிருக்கும்போதே பார்த்து வைக்க வேண்டும். லாரிகள் சாலைவரை நின்றுவிட்ட பின் வாடகைச்சீட்டு எழுதி என்ன பயன்? அப்பார்வையே நீர் கற்க வேண்டிய பாடம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. நாள்தோறும் ஒவ்வொரு பொறியின் எண்ணையும் பொறுமையாக நோக்கும் கண் ஒன்று போதும்.